நவம்பர் மாத பிரிட்டன்: பாப்பிப் பூ அணியவும் ஆர்ப்பாட்டத்துக்குப் போகவும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அக்டோபர் கடைசி வாரம் ஆனதும் பிரிட்டனில் எதிரே வருகிறவர்களின் கோட்டில், போரில் இறந்த வீரர்களின் நினைவாக, பாப்பி என்ற ஒரு சிவப்புக் காகிதப் பூ முளைத்துவிடும். செய்தி வாசிப்பவர், பஸ் டிரைவர், வங்கி கவுன்டரில் இருப்பவர், கால்பந்து வீரர் என்று யாரைப் பார்த்தாலும் அந்தப் பூதான். படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்தவர்கள் கேட்பது இதுதான்: நானும் குத்திக்கொள்ள வேண்டுமா? குத்தாவிட்டால் தப்பாக நினைப்பார்களா? அதே வாரங்களில்தான் லண்டன் தெருக்களில் பெரிய ஊர்வலங்களும் நடக்கும். நண்பர்கள் கூப்பிடுவார்கள். விசாவில் இருக்கிறோமே, போகலாமா என்று அடுத்த கேள்வி வரும்.

இரண்டையும் ஒன்றாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பூ அணிவது பற்றிச் சட்டம் வாயே திறப்பதில்லை, ஆனால் ஊர் நிறையப் பேசும். ஊர்வலத்தில் நடப்பதை ஊர் பெரிதாகக் கண்டுகொள்ளாது, ஆனால் சட்டம் பக்கம் பக்கமாகப் பேசும். புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பூவின் கதை, சுருக்கமாக

முதல் உலகப்போரில் குண்டு விழுந்து உழுதுபோட்டது போலாகிவிட்ட பிரான்ஸ், பெல்ஜியம் நிலங்களில் காட்டுப் பாப்பி மண்டிப் பூத்தது. மண் கிளறப்பட்டால்தான் அதன் விதை முளைக்கும். 1915-ல் ஒரு கனடா ராணுவ மருத்துவர் அதைப் பார்த்துக் கவிதை எழுதினார். அதைப் படித்த மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்கப் பெண் 1918-ல் அந்தப் பூவை அணியத் தொடங்கினார். அன்னா கெரான் என்ற பிரெஞ்சுப் பெண் துணிப் பூக்கள் செய்து விற்கும் யோசனையை லண்டனுக்குக் கொண்டுவந்தார். 1921-ல் ராயல் பிரிட்டிஷ் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பு முதல் விற்பனையை நடத்தியது. நீங்கள் உண்டியலில் போடும் காசு இன்றும் அந்த அமைப்புக்குத்தான் போகிறது. முன்னாள் வீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் செலவாகிறது.

‘இது வெள்ளைக்காரர் சமாச்சாரம், நமக்கென்ன’ என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு கணக்கு. முதல் உலகப்போரில் பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரிட்டனுக்காகப் போனார்கள். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. காயம்பட்டு பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்களை ஊருக்கு வெளியே குன்றின் மேல் எரித்தார்கள். அந்த இடத்தில் 1921-ல் கட்டிய ‘சத்ரி’ என்ற வெள்ளைப் பளிங்கு மண்டபம் இன்றும் இருக்கிறது. புல்வெளியில் கொஞ்சம் நடக்க வேண்டும், ஆனால் போய்ப் பார்க்கலாம். போர் முடிந்த நூற்றாண்டான 2018-ல் இந்திய வீரர்களின் நினைவாக லீஜன் கதர்த் துணியில் பாப்பி செய்து வெளியிட்டது. அப்போதைய பிரதமர் தெரசா மே அதை அணிந்தார்.

எதிர்ப்பக்கத்திலும் நமக்குத் தெரிந்த பூ ஒன்று உண்டு. 1930-களின் இலங்கையில் நவம்பர் 11 அன்று பாப்பி விற்ற காசில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போகிறது என்று கோபப்பட்ட இளைஞர்கள், அதே நாளில் ‘சூரிய மல்’ விற்றார்கள். நம் வேலியோரப் பூவரசம்பூதான் அது. ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாகவே அது வளர்ந்தது. ஆக, பாப்பியைக் குத்துவதும் மறுப்பதும் நூறு வருடமாக நடக்கும் வாதம். நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் தனியாள் இல்லை.

வாங்குவது, குத்துவது, கழற்றுவது

சூப்பர் மார்க்கெட் வாசல், ரயில் நிலையம், மருத்துவமனை வரவேற்பு மேசை, பல்கலைக்கழக கடை என்று எங்கும் பெட்டி இருக்கும். காகிதப் பூவுக்கு விலை கிடையாது. ஐம்பது பென்ஸ் போட்டாலும் சரி, ஐந்து பவுண்டு போட்டாலும் சரி, யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பல இடங்களில் கார்டு தட்டும் கருவியும் வந்துவிட்டது. பிள்ளை பள்ளியிலிருந்து ‘பாப்பிக்குக் காசு வேண்டும்’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். கைப்பட்டை, ஒளிரும் வில்லை போன்றவற்றை அங்கே விற்பார்கள். சில்லறை கொடுத்தனுப்பினால் போதும். ஆன்லைனில் பளபளவென்று விற்கும் உலோக பாப்பிகளில் போலி நிறைய. காசு வீரர்களுக்குப் போக வேண்டும் என்றால் லீஜனின் சொந்தக் கடையிலேயே வாங்குங்கள்.

இங்கிலாந்துப் பூவுக்கு இரண்டு சிவப்பிதழ், நடுவில் கறுப்புப் பொட்டு, ஒரு பச்சை இலை. ஸ்காட்லாந்துப் பூவுக்கு நான்கு இதழ், இலை இல்லை. 2023-ல் பிளாஸ்டிக் இல்லாத முழுக் காகிதப் பூவாக மாற்றினார்கள். கோட்டுக் காலரில் பொத்தான் துளை இருந்தால் காம்பை அதில் செருகிவிடலாம். ஆனால் நம்மில் பலர் போடுவது ஜிப் வைத்த குளிர் ஜாக்கெட். அதற்குக் குண்டூசிதான் வழி, பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கும். ஊசியை இதழில் குத்தாமல் காம்பு வழியாக உள்ளே விட்டு, முனை மறுபடி துணிக்குள் மறைகிற மாதிரி குத்துங்கள். இல்லாவிட்டால் ட்யூப் ரயில் நெரிசலில் ஒன்று பூ விழும், அல்லது பையை மாட்டும்போது விரலில் ஏறும். நவம்பர் முதல் வாரத்தில் ரயில் நிலையப் படிகளில் மிதிபட்டுக் கிடக்கும் பூக்களைப் பார்த்தாலே தெரியும், இது எல்லோருக்கும் நடக்கிறது. சேலைக்கோ பட்டுக்கோ ஊசி ஓட்டை போடும், ஒட்டும் வகைப் பூவைக் கேளுங்கள்.

எந்தப் பக்கம்? ஆணுக்கு இடம், பெண்ணுக்கு வலம், இலை கடிகாரத்தின் பதினோரு மணி திசையில் இருக்க வேண்டும் என்றெல்லாம் அலுவலகத்தில் யாராவது பாடம் எடுப்பார்கள். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள். சரி, தப்பு என்று எதுவும் இல்லை என்று லீஜனே சொல்லிவிட்டது. பெரும்பாலோர் இடதுபக்கம், இதயத்துக்கு மேல் குத்துகிறார்கள், அவ்வளவுதான். அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் 11 வரை அணிவது வழக்கம். நவம்பரின் இரண்டாம் ஞாயிறான நினைவு ஞாயிறு அதற்குப் பின்னால் வந்தால் அதுவரை. டிசம்பரில் குத்தியிருந்தால் யாரும் திட்டமாட்டார்கள், கழற்ற மறந்துவிட்டீர்கள் என்று நினைப்பார்கள். முழுக் காகிதப் பூவை வீட்டுக் காகிதக் குப்பையோடு மறுசுழற்சிக்குப் போடலாம்.

வேறு நிறங்களும் கண்ணில் படும். வெள்ளைப் பாப்பி 1933-ல் கூட்டுறவுப் பெண்கள் சங்கம் தொடங்கியது. எல்லாப் போரிலும் இறந்த எல்லோரையும், பொதுமக்களையும் சேர்த்து நினைப்பதற்காக. ஊதா நிறம் போரில் செத்த விலங்குகளுக்கு. கறுப்பு ரோஜா வடிவப் பாப்பி ஆப்பிரிக்க, கரீபியன் வீரர்களுக்கு. சிவப்பும் வெள்ளையும் சேர்த்துக் குத்துபவர்களும் உண்டு.

இரண்டு நிமிடம்

1918 நவம்பர் 11, காலை 11 மணிக்குப் போர் நின்றது. அதனால் ஒவ்வொரு நவம்பர் 11-ம் தேதியும் அதே நேரத்தில் இரண்டு நிமிட மௌனம். நீங்கள் டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டில் வரிசையில் நின்றால் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும், கவுன்டர் நின்றுவிடும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: நின்ற இடத்தில் நில்லுங்கள், போனை அமைதியாக்குங்கள். கூடையைக் கீழே வைக்கலாம். வெளியேறத்தான் வேண்டுமென்றால் சத்தமில்லாமல் போய்விடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் ஊருக்குப் போன் போட்டு உரக்கப் பேசிக்கொண்டிருப்பது மட்டும் வேண்டாம்.

நினைவு ஞாயிறு நவம்பரின் இரண்டாவது ஞாயிறு. லண்டன் வைட்ஹாலில் உள்ள செனொட்டாஃப் நினைவுத்தூணில் மன்னர் மலர்வளையம் வைப்பார். அதை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ்தான் டெல்லியின் இந்தியா கேட்டையும் வடிவமைத்தவர். நேரில் பார்க்க ஆசையென்றால் விடிகாலையிலேயே போக வேண்டும், பெரிய பை வேண்டாம், சோதனை வரிசை நீளும். என் யோசனை கேட்டால், முதல் வருடம் உங்கள் பகுதி நினைவுத்தூணுக்கே போங்கள். அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்று இருக்கிறது. நூறு பேர் நிற்பார்கள், ஒருவர் ஊதுகுழல் வாசிப்பார், முடிந்ததும் பக்கத்துச் சர்ச்சில் தேநீர் தருவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிவது அங்கேதான்.

அணிய மனமில்லை என்றால்

அணியாதீர்கள். எந்தச் சட்டமும் கேட்காது. ‘ஏன் போடவில்லை’ என்று யாராவது கேட்டால் ‘நான் தனியாக நினைத்துக்கொள்கிறேன்’ என்றால் பேச்சு முடிந்துவிடும். டிவியில் பூ அணிய மறுத்த செய்தியாளர் ஜான் ஸ்னோவும், வடக்கு அயர்லாந்தில் பிறந்து சட்டையில் பாப்பி வேண்டாம் என்ற கால்பந்து வீரர் ஜேம்ஸ் மெக்ளீனும் ஆண்டுக்கணக்கில் வசவு வாங்கினார்கள். ஆனால் சட்டத்தின் முன் அவர்கள் மீது ஒரு குற்றமும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. வேலையிடத்தில் பூ அணிய உரிமை கோர முடியுமா? 2011-ல் ஒரு முன்னாள் படைவீரர் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போனார். பாப்பி அணிய வேண்டும் என்ற நம்பிக்கை சமத்துவச் சட்டம் பாதுகாக்கும் தத்துவ நம்பிக்கையாகாது என்று அங்கே முடிவானது. அதனால் சமையலறை, ஆய்வகம், உணவுத் தொழிற்சாலை போன்ற இடங்களில் குண்டூசி கூடாது என்று மேலாளர் சொன்னால் வாதாடாதீர்கள்.

அணியாமல் இருப்பது வேறு, எரிப்பது வேறு. 2010 நவம்பர் 11 அன்று லண்டனில் மௌன நேரத்தில் பாப்பிகளை எரித்த ஒருவருக்கு, 1986 பொது ஒழுங்குச் சட்டம் 5-ம் பிரிவின் கீழ் 50 பவுண்டு அபராதம் விதித்தார்கள். 2012-ல் எரியும் பாப்பிப் படத்தை இணையத்தில் போட்டதற்கே கென்ட்டில் ஓர் இளைஞரைக் கைது செய்தார்கள். அபராதம் சிறியதுதான். ஆனால் விசாவில் இருப்பவருக்குக் குற்றப் பதிவு என்பது பணத்தால் அளக்கிற விஷயம் இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஆர்ப்பாட்டம்: அனுமதி வேண்டுமா?

ஓரிடத்தில் நின்று கோஷம் போட பொதுவாக யார் அனுமதியும் வேண்டாம். நடந்து போகும் ஊர்வலம் என்றால்தான், நடத்துபவர் ஆறு முழு நாள் முன்னால் போலீசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: தேதி, புறப்படும் நேரம், பாதை, நடத்துபவரின் பெயர், முகவரி. கொடுக்கும் நாளும் நடக்கும் நாளும் கணக்கில் வராது. அதாவது சனிக்கிழமை ஊர்வலத்துக்கு முந்திய சனிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும். திடீரென்று ஏதோ நடந்து அவ்வளவு முன்னால் முடியாது என்றால் முடிந்தவரை சீக்கிரம். இறுதி ஊர்வலத்துக்கும் வழக்கமாக நடக்கும் ஊர்வலத்துக்கும் இது பொருந்தாது. இது தகவல் தருவதுதான், அனுமதி கேட்பதில்லை.

போலீஸ் நிபந்தனை விதிக்கலாம்: இந்தப் பாதையில் போகாதே, இத்தனை மணிக்கு முடி, இந்தக் கோட்டைத் தாண்டாதே என்று. இரண்டு பேர் கூடினாலே அது கூட்டம். 2022-ல் வந்த சட்டம் சத்தத்தையும் காரணமாக்கிவிட்டது, தனியாளாக நிற்பவருக்கும் அது பொருந்தும். முன்பு நிபந்தனை தெரிந்தே மீறினால்தான் குற்றம். இப்போது ‘தெரிந்திருக்க வேண்டும்’ என்றாலே போதும். கலந்துகொண்டவருக்கு 2,500 பவுண்டு வரை அபராதம் போகலாம். எனவே கிளம்பும் முன் ஒரு வேலை கட்டாயம்: அந்த நகரப் போலீசின் சமூக வலைத்தளப் பக்கத்தைத் திறந்து அன்றைய நிபந்தனையையும் வரைபடத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு தடவை, இறங்கும் நிலையத்தில் இன்னொரு தடவை. நடுவில் மாற்றுவார்கள்.

முழுவதுமாகத் தடை செய்வது எளிதல்ல. 2023 நவம்பர் 11 இதற்கு நல்ல பாடம். அன்று காசா போர்நிறுத்தம் கேட்டு லண்டனில் மாபெரும் ஊர்வலம் திட்டமிட்டிருந்தார்கள். நினைவுநாளில் இது கூடாது என்று அமைச்சர்கள் அழுத்தம் கொடுத்தார்கள். தடைக்குச் சட்டம் கேட்கும் அளவு இங்கே எட்டவில்லை என்று போலீஸ் ஆணையர் மார்க் ரௌலி மறுத்துவிட்டார். செனொட்டாஃபைச் சுற்றி விலக்கு எல்லை போட்டார்கள். ஊர்வலம் ஹைட் பார்க்கிலிருந்து அமெரிக்கத் தூதரகத்துக்கு, வைட்ஹால் பக்கமே வராமல் போனது. செனொட்டாஃப் அருகே போலீசோடு மோதியது அதைப் ‘பாதுகாக்க’ வந்த எதிர்க்கூட்டம்தான். இரண்டு நாள் கழித்து உள்துறை அமைச்சர் சுவெல்லா பிராவர்மன் பதவி இழந்தார்.

நாடாளுமன்றச் சதுக்கத்துக்குத் தனி விதி. 2005-ல் செனொட்டாஃப் முன் நின்று இராக் போரில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்ததற்கே மாயா எவான்ஸ் என்பவர் குற்றவாளி ஆனார். நாடாளுமன்றத்தைச் சுற்றி முன் அனுமதி கட்டாயம் என்று அப்போது ஒரு சட்டம் இருந்தது. நினைவுகூர்வதற்குக் கட்டிய தூணின் முன் நினைவுகூர்ந்தது குற்றமானது. 2011-ல் அந்தச் சட்டத்தை நீக்கி வேறொன்று கொண்டுவந்தார்கள். இப்போது அங்கே கூடாரம் போடுவதோ, தூங்கும் பை விரிப்பதோ, அனுமதியில்லாமல் மெகாஃபோன் பிடிப்பதோ கூடாது. 2009 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஈழத்தமிழர்கள் அதே சதுக்கத்தில் இரவு பகலாக இருந்தார்களே என்று மூத்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அந்த மாதிரி இன்று முடியாது.

போகும் நாளில்

அடையாள அட்டையின் நகல், சார்ஜ் உள்ள போன், தண்ணீர், மழைக்கோட்டு போதும். ஒரு சொலிசிட்டர் (வழக்கறிஞர்) அலுவலக எண்ணைக் கையிலேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், கைதானால் போனை வாங்கிவிடுவார்கள். பூட்டு, சங்கிலி, பெரிய பசை டப்பா பையில் இருக்கக் கூடாது. 2023 சட்டப்படி தன்னைப் பிணைத்துக்கொள்வது குற்றம், அதற்கான பொருளை அந்த எண்ணத்தோடு வைத்திருப்பதும் குற்றம். அந்தச் சட்டம் வந்த சில நாளிலேயே, மன்னர் முடிசூட்டு விழாவில், பதாகைகளைக் கட்ட வைத்திருந்த பட்டையைப் பிணைக்கும் கருவி என்று சந்தேகித்து முடியாட்சி எதிர்ப்பு அமைப்பின் தலைவரையே பிடித்து வைத்தார்கள். வழக்கு இல்லாமல் விட்டுவிட்டுப் பிறகு போலீஸ் வருத்தமும் தெரிவித்தது. ஆனால் அவருடைய அந்த நாள் போனது போனதுதான்.

நினைவுத்தூண்களின் மேல் ஏறாதீர்கள், படம் எடுக்கக்கூட. நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்தினால், சேத மதிப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பத்து வருடம் வரை தண்டனைக்கு 2022 சட்டம் வழிசெய்கிறது. குறிப்பிட்ட போர் நினைவிடங்களில் ஏறுவதையே தனிக் குற்றமாக்கவும், ஆர்ப்பாட்டத்தில் முகம் மறைப்பதைக் கட்டுப்படுத்தவும் 2025-ல் அரசு மசோதா கொண்டுவந்தது. முகமூடியை எடுக்கச் சொல்லும் அதிகாரம் சில பகுதிகளில் போலீசுக்கு ஏற்கெனவே உண்டு. சொன்னால் எடுத்துவிடுங்கள்.

வெளிர்நீல மேலங்கி போட்ட போலீஸ்காரர்கள் ‘எங்கிருந்து வந்தீர்கள், யார் நடத்துகிறார்கள்’ என்று அன்பாகப் பேச்சுக் கொடுப்பார்கள். பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. நம் வீட்டு வளர்ப்பு, சீருடையைக் கண்டால் மளமளவென்று ஒப்பிக்கச் சொல்லும். மரியாதையாக ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள். ஆனால் ‘இந்தப் பகுதியை விட்டுக் கலைந்து போ’ என்று உத்தரவிட்டால் அது வேறு. கேட்காமல் நின்றாலே குற்றம்.

தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. விடுதலைப் புலிகள் அமைப்பு 2001 முதல் பிரிட்டனின் தடைப் பட்டியலில் இருக்கிறது. தடை செய்யப்பட்ட அமைப்பின் ஆதரவாளரோ என்று நியாயமான சந்தேகம் வரும்படி பொது இடத்தில் கொடியோ சின்னமோ உடையோ காட்டினால், 2000-ம் ஆண்டு பயங்கரவாதச் சட்டம் 13-ம் பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை. நவம்பர் 27 மாவீரர் நாள் நிகழ்வுகள் இங்கே வெளிப்படையாகவே நடக்கின்றன. அங்கே போவதும் கொடியைக் கையில் எடுப்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. கூட்டத்தில் பத்துப் பேர் பிடித்திருந்தார்கள் என்பது நீதிமன்றத்தில் பதிலாகாது. இதே பிரிவைத்தான் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றச் சதுக்கத்தில், தடை செய்யப்பட்டிருந்த ‘பாலஸ்தீன் ஆக்‌ஷன்’ அமைப்புக்கு ஆதரவாக அட்டை பிடித்து அமர்ந்தவர்கள் மீது பாய்ச்சினார்கள். ஒரே நாளில் 500 பேருக்கும் மேல் கைது.

பிடித்துவிட்டால், விசா?

கைதாவது தண்டனை அல்ல, அதனால் மட்டும் விசா போகாது. காவல் நிலையத்தில் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். கேளுங்கள், கேட்டால்தான் வருவார். தமிழில் பேச வசதியென்றால் மொழிபெயர்ப்பாளரும் உண்டு. ஒருவருக்குத் தகவல் சொல்லச் சொல்லலாம். வழக்குப் பதியாமல் பொதுவாக 24 மணி நேரம்தான் வைத்திருக்க முடியும். வழக்கறிஞர் வரும்வரை சம்பவத்தைப் பற்றி வாய் திறக்க வேண்டாம், காரில் போகும்போது நடக்கும் சும்மா பேச்சிலும்கூட.

பலர் சறுக்குவது இங்கேதான். இரவு இரண்டு மணிக்கு, ‘காஷன் வாங்கிக்கொண்டால் இப்போதே வீட்டுக்குப் போகலாம்’ என்பார்கள். சும்மா எச்சரித்து அனுப்புகிறார்கள் போலிருக்கிறது என்று தோன்றும். அது குற்றத்தை ஒப்புக்கொண்டு பெறுவது, பதிவில் ஏறும். அடுத்த விசா விண்ணப்பத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அந்தப் பொய் தனிக் காரணமாகி விண்ணப்பத்தையே கவிழ்க்கும். வழக்கறிஞர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், இன்னும் நாலு மணி நேரம் உட்கார்ந்தாலும் பரவாயில்லை. 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை கிடைத்தால் விசாவுக்கும் இங்கே தங்குவதற்கும் பெரிய ஆபத்து. சின்ன அபராதங்களையும் குடியுரிமை விண்ணப்பத்தில் கேட்பார்கள், தாளைப் பத்திரமாக வையுங்கள்.

இதுவரை சொன்ன ஆர்ப்பாட்ட விதிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்து, வேல்ஸுக்கு. ஸ்காட்லாந்தில் ஊர்வலத்துக்கு 28 நாள் முன்பே உள்ளாட்சி மன்றத்துக்கும் போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும். வடக்கு அயர்லாந்திலும் 28 நாள்தான், சர்ச்சைக்குரிய ஊர்வலங்களைத் தனி ஆணையம் ஒன்று பார்க்கும். பெல்ஃபாஸ்டில் படிக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு: அங்கே பாப்பி எந்தத் தரப்பு என்று காட்டும் அடையாளமாகவும் பார்க்கப்படும். முதல் நவம்பரில் எதையும் குத்திக்கொள்ளும் முன் வகுப்புத் தோழர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.